ஜூன் கடைசியில் ஜப்பான் போறோம்: பேஸ்பால் மேட்ச் பார்க்க எந்த மைதானம், எந்தப் பக்க சீட்?

ராயக்கோட்டை ரோடு, ஓசூர்
கம்பெனி டிரெயினிங் ஜூன் கடைசியில் முடியுது. அதுக்கப்புறம் முதல்ல டோக்கியோ, பிறகு ஒசாகா. மனைவியும் 9 வயசு மகளும் பெங்களூர்ல இருந்து வந்து சேர்ந்துக்குவாங்க. ஒரு மேட்சாவது நேர்ல பார்த்துடணும். டோக்கியோவுல டோக்கியோ டோமா, ஜிங்குவா, இல்ல ஒசாகா பக்கம் கோஷியெனா? டிக்கெட்டை இங்கிருந்தே நம்ம கார்டுல எடுக்க முடியுமா? பாட்டு, மேளம்னு ஆடுற கூட்டத்துக்கு நடுவுல உட்காரணும்னு மகளுக்கு ஆசை. அங்க கட்டுப்பாடு அதிகம்னு சொல்றாங்களே, என்ன அது? நாங்க சைவம்.

பர்கூர் பயணி
சார், மைதானத்துக்கு முன்னாடி காலண்டரைப் பாருங்க. லீக்ல 12 அணி. பெரும்பாலும் செவ்வாய் முதல் வியாழன் வரை ஒரே ஊர்ல ஒரு தொடர், வெள்ளி முதல் ஞாயிறு வரை அடுத்தது. திங்கள்கிழமை அநேகமா மேட்சே இருக்காது. அதனால ஒசாகாவுக்குப் போற நாளைத் திங்கள்ல வெச்சுக்கிட்டா எதுவும் வீணாகாது. கோஷியென்ல ஆடுற ஹான்ஷின் டைகர்ஸ் அணி சில 'ஹோம்' மேட்சை ஒசாகா கியோசெரா டோம்ல ஆடுவாங்க. அணி பேரை மட்டும் பார்த்து டிக்கெட் போடாம மைதானத்தின் பேரையும் பார்த்துடுங்க.

ஜூன்ல இருந்து ஜூலை நடு வரைக்கும் அங்க மழைக்காலம். ஜிங்கு, கோஷியென் ரெண்டும் திறந்த மைதானம். மழையால ரத்தானா பணம் திரும்ப வரும், ஆனா அதே டிக்கெட்டை வெச்சுக்கிட்டு வேற நாள் போக முடியாது. அஞ்சு இன்னிங்ஸ் (ரெண்டு அணியும் ஒரு தடவை பேட் பண்ணா ஒரு இன்னிங்ஸ், மொத்தம் ஒன்பது) முடிஞ்ச பிறகு மழை வந்து நிறுத்தினா அது முழு மேட்ச்சாவே கணக்கு, பணமும் கிடையாது. கட்டாயம் பார்த்தே ஆகணும்னா ஜயன்ட்ஸ் அணியோட மைதானமான டோக்கியோ டோம்தான் உத்தரவாதம்: சுய்டோபாஷி ஸ்டேஷன்ல இறங்கினா நடக்குற தூரம். உள்ளே காத்தழுத்தத்தாலதான் கூரை நிக்குது. வெளியே வரும்போது கதவுக்கிட்ட பலமா காத்து தள்ளும், பாப்பாவோட தொப்பியைப் பிடிச்சுக்கச் சொல்லுங்க.

ஆனாலும் என் ஓட்டு ஜிங்குவுக்குத்தான். 1926ல கட்டின மைதானம், 1934ல அமெரிக்க பேஸ்பால் ஜாம்பவான் பேப் ரூத் வந்து ஆடின இடம். அந்த வட்டாரத்தையே மாத்திக் கட்டுற திட்டத்துல இதையும் இடிக்கப் போறாங்க, இருக்கும்போதே பார்த்துடுறது நல்லது. மெட்ரோ கின்சா லைன்ல கையென்மே ஸ்டேஷன். இந்த மைதானத்து அணியான யாகுல்ட் ஸ்வாலோஸ் ரன் எடுக்கும்போதும் ஏழாவது இன்னிங்ஸ்லயும் ரசிகர்கள் எல்லாரும் குட்டிக் குடையை விரிச்சு 'டோக்கியோ ஒந்தோ' பாட்டுக்கு மேலும் கீழும் ஆட்டுவாங்க. அந்தக் குடை மைதானத்துக் கடையிலேயே கிடைக்கும். ஒன்பது வயசுக் குழந்தைக்கு இதைவிட வேற என்ன வேணும்!

காவேரிப்பட்டணம் கேலரி
டிக்கெட் விஷயத்துல தடுக்குறது மூணு இடம். அணிகளோட ஜப்பானிய தளத்துல பதிவு பண்ண அந்த ஊர் போன் நம்பர் கேட்கும், பல நேரம் வெளிநாட்டுக் கார்டையும் ஏத்துக்காது. ஜயன்ட்ஸ், ஸ்வாலோஸ், டைகர்ஸ் மூணுக்கும் வெளிநாட்டவருக்காகத் தனி ஆங்கிலத் தளம் இருக்கு, அதுலயே எடுங்க. ரெண்டாவது, உங்க பேங்க் ஆப்ல 'வெளிநாட்டுப் பரிவர்த்தனை' அனுமதியை முன்கூட்டியே ஆன் பண்ணணும். மூணாவது ஓடிபி. அது இந்திய சிம்முக்குத்தான் வரும். ஊர்லயே வாங்கிட்டுப் போறது சுலபம், அங்க போய் வாங்கணும்னா ரோமிங் வேணும். மறுவிற்பனை ஆளுங்ககிட்ட வாங்காதீங்க. 2019 ஜூன்ல இருந்து அங்க அதுக்குத் தனிச் சட்டமே இருக்கு, வாசல்லயே டிக்கெட்டை செல்லாததாக்கலாம். எதிரணி ஜயன்ட்ஸோ டைகர்ஸோ ஆனா ஜிங்கு சீக்கிரம் நிறைஞ்சிடும், மத்த அணின்னா வார நாள்ல கிடைக்க வாய்ப்பு அதிகம்.

இனி சீட். இதுலதான் வெளிநாட்டவர் அதிகமா தடுமாறுறாங்க. ஜிங்கு, டோக்கியோ டோம், கோஷியென் மூணுலயும் முதல் பேஸ் பக்கமும் (பேட்டருக்குப் பின்னால இருந்து பார்த்தா வலது பக்கம்) வலது அவுட்ஃபீல்டும் உள்ளூர் அணியோடது. மூணாம் பேஸ், இடது அவுட்ஃபீல்டு வெளியூர் அணிக்கு. டிரம்பெட், டிரம், ஒவ்வொரு பேட்டருக்கும் தனிப் பாட்டு, எல்லாமே அவுட்ஃபீல்டுல. தன் அணி பேட் பண்ணும்போதுதான் அந்தப் பக்கம் எழுந்து நின்னு பாடும், ஃபீல்டிங் வந்ததும் உட்கார்ந்துடும். அப்ப எதிர்ப்பக்கம் எழும். இந்த முறை மாறவே மாறாது.

கட்டுப்பாடுன்னு நீங்க கேட்டது இதான்: ஒரு அணியோட ரசிகர் பகுதிக்குள்ள எதிரணி சட்டை, தொப்பி போட்டுக்கிட்டு போகக்கூடாது, எதிரணிக்குக் கைதட்டவும் கூடாது. ஊழியரே வந்து மாத்தச் சொல்லுவாங்க. கோஷியென்ல இது இன்னும் கறார், அவுட்ஃபீல்டு கிட்டத்தட்ட முழுக்க டைகர்ஸ் கூட்டம், வெளியூர் ரசிகருக்கு இடது ஓரத்துல கொஞ்சம் இடம்தான். பாப்பா உயரத்துக்கு அவுட்ஃபீல்டுல எல்லாரும் நிக்கும்போது ஒண்ணும் தெரியாது. முதல் பேஸ் பக்க இன்ஃபீல்டுல, அவுட்ஃபீல்டை ஒட்டின சீட் எடுங்க. பாட்டும் கேட்கும், உட்கார்ந்தும் பார்க்கலாம். கோட்டுக்கு வெளியே அடிச்ச ஃபவுல் பந்து கேலரிக்கு வந்தா விசில் ஊதுவாங்க. சத்தம் கேட்டதும் போனைக் கீழே இறக்கிட்டு பந்தைப் பாருங்க.

வீடியோ எடுத்து வெச்சுக்கலாம், ஆனா நேரலை கூடாது. ஆட்டம் நடக்குற காட்சியை நெட்ல போடவும் தடை இருக்கு.

பென்னாகரம் அக்கா
சாப்பாட்டுக்கு நான் சொல்றேன் தம்பி. கேலரிக் கடையில நிம்மதியா சாப்பிடக்கூடியது உப்புப் போட்டு வேகவெச்ச எடமாமே, அதாவது பச்சை சோயா காய். அப்புறம் பாப்கார்ன், ஐஸ். யாகிசோபாங்கிற வறுத்த நூடுல்ஸ்ல பன்றிக்கறி, தகோயாகிங்கிற மாவு உருண்டையில ஆக்டோபஸ். உடோன் வெறும் நூடுல்ஸ் மாதிரி தெரிஞ்சாலும் ரசம் மீன்ல செய்தது. காய்கறி கறின்னு சொன்னாலும் மசாலாக் கட்டியில மாட்டுக் கொழுப்பு இருக்கும். உருளை வறுவலுக்கு எண்ணெய் என்னன்னு கேட்காம வாங்காதீங்க.

ஜிங்குவுக்கு சாப்பாடு எடுத்துட்டுப் போகலாம். எந்த கன்வீனியன்ஸ் கடையிலயும் வெந்த வெறும் சாதம் பொட்டலமா கிடைக்கும், மைக்ரோவேவ்ல ரெண்டு நிமிஷம் போதும். வீட்டுப் புளிக்காய்ச்சலை இறுக மூடி, செக்-இன் பெட்டியில வெச்சிடுங்க. கேபின் பையில வெச்சா திரவம்னு எடுத்துடுவாங்க. ஒனிகிரி (சாத உருண்டை) வாங்கினா உமேபோஷி (ஊறுகாய் மாதிரி பழம்) உள்ளது பாருங்க, கொம்புங்கிற கடற்பாசி உள்ளதுல பெரும்பாலும் மீன் சாறு சேர்ந்திருக்கும். டின்னும் கண்ணாடி பாட்டிலும் மைதானத்துக்குள்ள போகாது, வாசல்ல காகித கப்புல ஊத்திக் கொடுப்பாங்க.

ராயக்கோட்டை ரோடு, ஓசூர்
ரொம்ப நன்றி. அப்ப டோக்கியோவில் ஜிங்கு, மழை வந்தா டோக்கியோ டோம்னு வெச்சுக்கலாமா? கோஷியெனும் முடிஞ்சா பார்க்கணும். எத்தனை மணிக்கு முடியும், ரயில் கிடைக்குமா?

பர்கூர் பயணி
ஸ்வாலோஸ், ஜயன்ட்ஸ் ரெண்டு அணியும் ஒரே நாள்ல டோக்கியோவுல ஆடுறது எல்லா நாளும் இருக்காது, அட்டவணையில சேர்ந்து வந்தா மட்டும் அப்படி வெச்சுக்கோங்க. டோமுக்குக் காசு எடுத்துட்டுப் போனா உதவாது, கடை முழுக்க கார்டு, இல்லன்னா சுய்கா (பணம் ஏத்திப் பயன்படுத்துற ரயில் கார்டு) மாதிரிதான்.

வார நாள் மேட்ச் சாயந்திரம் 6 மணி வாக்குல ஆரம்பிக்கும், மூணு மணி நேரத்துக்கு மேல ஓடும். ஒன்பது இன்னிங்ஸ்ல சமமா நின்னா 12 வரைக்கும் போகும், அதுக்கப்புறம் டிரா. பாப்பா தூங்கிடும்னா சனி, ஞாயிறு மதிய மேட்ச் தேடுங்க. கோஷியெனுக்கு ஒசாகா உமெதாவுல இருந்து ஹான்ஷின் எக்ஸ்பிரஸ், கால் மணி நேரம்தான். மேட்ச் முடிஞ்சதும் டிக்கெட் மெஷின்ல வரிசை நீளும், அதனால போகும்போதே கார்டுல பணம் ஏத்திடுங்க. டோக்கியோவுல வாங்கின சுய்காவே அங்கயும் செல்லும். வெயில் இருந்தா இன்ஃபீல்டுல கூரைக்குக் கீழ உட்காருங்க, அந்தக் கூரை அவுட்ஃபீல்டு வரைக்கும் வராது.