வற்றாப்பளைப் பொங்கலைக் கட்டுரையில கண்முன்னால கொண்டுவாறது எப்பிடி?

கேள்வி: மகள் தரம் 10. முல்லைத்தீவு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலைப் பற்றிக் கட்டுரை எழுதியிருக்கிறாள். "பக்தர்கள் திரண்டனர், கோலாகலமாக நடைபெற்றது" எண்டு பேப்பர்ச் செய்தி மாதிரிக் கிடக்கு. உயிரில்லை. என்ன சொல்லிக் குடுக்கலாம்?

பதில்: முதல்ல கோலாகலத்தை வெட்டச் சொல்லுங்கோ. சிலாவத்தைக் கடலில தீர்த்தம் எடுக்கிறதில இருந்து தொடங்கட்டும். முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில அந்த உப்புத்தண்ணியில விளக்கெரியுமெண்டு சொல்லுவினமெல்லே, அந்த விளக்குக்கு மட்டும் ஒரு முழுப்பந்தி. திரி, சுடர், பக்கத்தில நிக்கிற கிழவியின்ர முகம். நான் கட்டுரை திருத்துறனான். இப்பிடி ஒரு பந்தி கிடைச்சால் திரும்பவும் வாசிப்பன்.

இன்னொரு பதில்: நந்திக்கடலை விட்டிடாதேங்கோ. அம்மன் கோயில் அந்தக் களப்பின்ர கரையிலதானே. தூக்குக்காவடி வரேக்க எழும்புற புழுதியையும் எழுதட்டும்.

கேட்டவர்: நன்றி. விளக்கை அவள் கிட்ட நிண்டு பாத்தவள். இண்டைக்கே எழுத விடுறன்.