கலைவாணர் பாட்டில் இருக்கும் சிரிப்பு யாருடையது?

ஒழுகினசேரிக்காரன்:
ஆகஸ்ட் 30 கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் மறைந்த நாள். 1957-ல் போகும்போது வயது 48தான். சிலைக்கு மாலை விழும், பேப்பரில் படம் வரும். பாட்டில் அவர் என்ன சொன்னார் என்று மட்டும் நம் ஊரில் யாரும் பேசுவதில்லை. அந்த வருத்தத்தில்தான் இதைத் தொடங்குகிறேன்.

சிரிக்கச் சிரிக்கப் பாடியவர்கள் தமிழில் நிறைய இருக்கிறார்கள். சிரிப்புக்காகப் பொய் சொல்லாதவர் என்று கேட்டால் நான் முதலில் இவர் பெயரைத்தான் சொல்வேன். பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944-ல் கைதானார். ஆயுள் தண்டனை என்று தீர்ப்பானது. அன்றைக்குக் கடைசி மேல்முறையீட்டுக்குரிய லண்டன் பிரிவி கவுன்சில் வரை வழக்குப் போய் 1947-ல் விடுதலையானார். வேறு நடிகராக இருந்தால் அந்தக் காலத்தைப் பற்றி வாயே திறந்திருக்க மாட்டார். இவர் வெளியே வந்த கையோடு ஜெயிலைப் பற்றியே பாடினார். ஜெயிலுக்குப் போய்வந்த பெரிய மனிதர்கள்தான் இனி ஜனங்களைத் திருத்தப்போகிறார்கள் என்று போகும் அந்தப் பாட்டு. சிறை சென்ற தலைவர்கள் பதவியில் உட்கார்ந்திருந்த நேரம் அது. கிண்டல் அவர்கள் மேலும் விழுகிறது, பாடுகிறவர் மேலும் விழுகிறது. தன்னையும் சேர்த்துச் சிரிக்கக் கொடுத்த அந்த நேர்மை எனக்குப் பெரிது.

பனங்காடு:
அண்ணாச்சி, கலைவாணரை எனக்கும் பிடிக்கும். ஆனால் நீங்கள் பேசுவது பாட்டின் வரிகளைப் பற்றி. நந்தனார் கதையை மாற்றிச் சொல்லும் கிந்தனார் கதாகாலட்சேபம் முதற்கொண்டு அவர் பாடிய பலவற்றை எழுதியவர் உடுமலை நாராயணகவி. நேர்மை வரியில் இருக்கிறது என்றால் மாலையை உடுமலைப்பேட்டைக்கல்லவா அனுப்ப வேண்டும்?

இன்னொன்றும் உண்டு. கலைவாணரின் ‘நல்லதம்பி’ படம் 1949. மதுவிலக்குக்காகவே எடுத்தது மாதிரி இருக்கும். சென்னை மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்தது 1948-ல். சர்க்கார் கடையை மூடிய பிறகு குடிகாரனைக் கேலி செய்ய என்ன துணிச்சல் வேண்டும்? நான் விளவங்கோடு பக்கம், பனையேறி வீட்டுப் பிள்ளை. அக்கானிக்கும், அதாவது பதநீருக்கும், கள்ளுக்கும் உள்ள வித்தியாசம் கலயத்தில் தடவுகிற சுண்ணாம்பு மட்டும்தான். சுண்ணாம்பு குறைந்தால் அக்கானி புளித்துப் போகும், போலீஸ் வந்து நிற்கும். விடியுமுன் பனையேறி இறங்கி, சாயங்காலம் மறுபடி ஏறுகிறவனைப் பற்றி அந்தப் பிரசாரத்தில் வரி உண்டா? எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அதைக் கேட்டுச் சிரிப்பு வந்ததில்லை.

மார்த்தாண்டம் தம்பி:
யூடியூபில் கிந்தனார் கேட்டேன். ரயில் வரும் இடத்தில் நன்றாகச் சிரித்தேன். உபதேசம் வரும்போது தள்ளிவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன், யாரும் அடிக்க வராதீர்கள்.

குடக்காரர் மகள்:
யார் எழுதியது என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். என் அப்பா வில்லுப்பாட்டுக் குழுவில் குடம் அடித்தவர். கொடை என்று நாங்கள் சொல்லும் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய உட்கார்ந்து கேட்டு வளர்ந்தவள் நான்.

கொடையில் பாடும் கதை ஏட்டில் இருப்பது. சுடலைமாடன் கதையோ தோட்டுக்காரி அம்மன் கதையோ, வரியை மாற்றினால் ஊர்ப் பெரியவர்கள் விட மாட்டார்கள். ஆனால் ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவே புலவர், அதாவது வில்லடித்துப் பாடும் தலைமைப் பாடகர், பேசும் பேச்சு ஏட்டில் கிடையாது. நடுச்சாமத்துக்கு மேல் கூட்டம் தூங்கி விழும்போது புலவர் வில்லைத் தட்டும் வீசுகோலை நிறுத்திவிட்டு முன்வரிசையில் இருப்பவரைப் பார்த்து ஏதாவது கேட்பார். குடக்காரர் குறுக்கே பேசுவார். பந்தல் முழுக்கச் சிரிக்கும். அந்தச் சிரிப்பு யாருடையது என்று கேட்டால் எங்கள் வீட்டில் புலவருடையது என்றுதான் சொல்வார்கள். கதை யார் எழுதியதாக இருந்தாலும் அங்கே உட்கார்ந்து அதற்குப் பொறுப்பு ஏற்பவர் அவர்தான். தப்பாகப் பேசினால் கல்லெறியும் அவருக்குத்தான் விழும்.

கலைவாணர் வில்லுப்பாட்டிலிருந்து வந்தவர். நாடகக் கொட்டகையில் சோடா விற்றுக்கொண்டிருந்தவர் டி.கே.எஸ். சகோதரர்கள் கம்பெனிக்குப் போனதும் சினிமாவுக்குப் போனதும் அப்புறம். உடுமலையார் எழுத்துக்கு உடுமலையாருக்கே வணக்கம். ஆனால் எந்தச் சொல்லில் நிறுத்துவது, எங்கே அப்பாவி மாதிரி முழிப்பது, எந்த இடத்தில் ஜோடியாக நடித்த மனைவி மதுரம் அம்மாவை மடக்கிக் கேட்கவிடுவது என்பதெல்லாம் தாளில் எழுதி வருவதில்லை.

வடசேரி டீச்சர்:
நீங்கள் எல்லோரும் சினிமாவிலேயே நிற்கிறீர்கள். நாஞ்சில் நாட்டில் நேர்மையான நகைச்சுவை வேண்டுமென்றால் தேரூர்க் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையிடம் போங்கள். அவர் எழுதிய மருமக்கள் வழி மான்மியத்தை மறுபடி படித்துப் பாருங்கள். குடும்பத் தலைவரான காரணவருக்கு ஐந்தாம் மனைவியாக வாழ்க்கைப்பட்டவள் தன் பாட்டைத் தானே சொல்கிறாள். புருஷன் சொத்து அவன் தங்கை பிள்ளைகளுக்குப் போகும், இவள் பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை. அந்தக் கொடுமையைச் சொல்லும்போதே படிக்கிறவர் சிரித்துவிடுவார். கவிமணி கேலி செய்தது சொந்த வேளாளச் சமுதாயத்தை, சொந்தக்காரர்களை. 1926-ல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்து மருமக்கள் வழி போனது. அதற்கு முன்பே எழுதத் தொடங்கிவிட்டார். பனங்காடு தம்பி துணிச்சல் என்று கேட்டாரே, சட்டத்துக்கு முன்னால் எழுதியது இது.

ஒழுகினசேரிக்காரன்:
டீச்சர், மான்மியத்துக்கு என் தலை வணக்கம். ஆனால் அது வாசித்துச் சிரிப்பது. எழுத்துத் தெரியாத என் பாட்டி கிந்தனாரைக் கேட்டுச் சிரித்தாள், மான்மியம் இருப்பதே அவளுக்குத் தெரியாது. பாட்டாகப் போனதால் போய்ச் சேர்ந்த இடம் வேறு.

பனங்காடு தம்பிக்கு நேராகப் பதில் சொல்கிறேன். மதுவிலக்கை ஒரு பக்கம் வையுங்கள், அதில் உங்கள் வீட்டுக் கோபம் நியாயம். கிந்தனாரைப் பாருங்கள். பழைய கதையில் நந்தன் சிதம்பரம் போகவேண்டும் என்று ஏங்கி, கடைசியில் தீயில் இறங்கித்தான் உள்ளே போக முடிந்தது. இங்கே கிந்தன் ஏங்குவது பள்ளிக்கூடத்துக்கு. வாத்தியாரிடம் அடிபட்டுப் பட்டணத்துக்கு ஓடுகிறான். எப்படிப் போகிறான்? ரயிலில். எல்லாச் சாதியையும் ஒரே பெட்டியில் அடைத்துக்கொண்டு போகும் ரயிலுக்கு ஒரு பாட்டு. சாமியும் சாஸ்திரமும் செய்யாததை நிலக்கரிப் புகை செய்துவிட்டது என்கிற சிரிப்பு அதில் இருக்கிறது.

இதைப் பாடியவர் எந்த ஊர்க்காரர் என்று யோசியுங்கள். நாகர்கோவில் ஒழுகினசேரிக்காரர். நாகர்கோவிலுக்கு ரயில் வந்தது 1979-ல். திருநெல்வேலியோடு தண்டவாளம் சேர்ந்தது 1981-ல். கலைவாணர் உயிரோடு இருந்தவரை அவர் ஊரில் ரயில் சத்தமே கிடையாது. அவர் ஊரிலிருந்து ஆறேழு கிலோமீட்டரில் சுசீந்திரம். கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்க விடச் சொல்லி 1926-ல் சத்தியாகிரகம் நடந்த இடம். திருவிதாங்கூரில் கோயில் கதவு எல்லோருக்கும் திறந்தது 1936-ல். நடக்கத் தெரு மறுத்த சீமையில் வளர்ந்தவர் எல்லோரும் ஏறுகிற வண்டியைப் பார்த்துக் குதூகலிக்கிறார். இதைப் பிரசாரம் என்று தள்ள என் மனம் ஒப்பவில்லை.

பனங்காடு:
அந்த 1979 கணக்கு நல்ல கணக்கு, அண்ணாச்சி. ஆனாலும் விட மாட்டேன். கிந்தன் படித்து அதிகாரியாகி, அடித்த வாத்தியார் முன்னால் வந்து நிற்கிறான். அவனுக்கு மரியாதை அப்புறம்தான் கிடைக்கிறது. அதிகாரி ஆகாமல் மாடு மேய்த்துக்கொண்டே இருந்திருந்தால்? மேலே ஏறி வந்தவனுக்கு மட்டும்தான் அந்தக் கதையில் இடம். ஏறாதவனைப் பற்றிப் பாட்டு இல்லை. அதோடு, கிந்தனுடைய சேரியிலிருந்து யாரும் அதை எழுதவுமில்லை, பாடவுமில்லை. மற்றவர் வலியை வைத்து மற்றவர்களைச் சிரிக்கவைப்பதை நேர்மை என்று சொல்ல எனக்கு யோசனையாக இருக்கிறது.

குடக்காரர் மகள்:
வாத்தியார் மனம் திருந்திவிட்டார் என்று அந்தக் கதை எங்கே சொல்கிறது? அவர் மதிப்பது நாற்காலியை. கலைவாணர் அதை மறைக்கவில்லை. வாத்தியார் கண்ணீர் விட்டு, கட்டிப்பிடித்து, சாதி ஒழிந்தது என்று முடித்திருந்தால் அதுதான் பொய். ஊர் எப்படி நடக்குமோ அப்படியே முடித்திருக்கிறார். சிரிப்பு அடிக்கிறவன் மேல் விழுகிறது. அடிபடுகிறவனைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. கேட்டுப் பாருங்கள், கிந்தனின் அழுகையைக் கேலி செய்யும் வரி ஒன்றுகூட எனக்குத் தட்டுப்படவில்லை.

வடசேரி டீச்சர்:
இதை ஒத்துக்கொள்கிறேன். யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மான்மியத்திலும் காரணவர் மேல்தான் சிரிப்பு விழும், ஐந்தாம் மனைவி மேல் விழாது. ஆனால் பனங்காடு தம்பியின் இரண்டாவது கேள்விக்கு, சேரியிலிருந்து யார் பாடினார்கள் என்பதற்கு, நீங்கள் யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை.

மார்த்தாண்டம் தம்பி:
பொத்தானை அமுக்கினால் இட்லியும் காப்பியும் வரவேண்டும் என்று ஒரு பாட்டு உண்டே, விஞ்ஞானத்தை வளர்க்கப்போவதாக. இப்போது போனில் அமுக்கினால் வருகிறது! எடுத்துவருவது மட்டும் மழையில் நனைந்துகொண்டு வரும் எங்கள் தெருப் பையன்.

பனங்காடு:
தம்பி, நான் இவ்வளவு நேரமாகக் கத்துவதும் அந்தப் பையனுக்காகத்தான். அவனைப் பற்றி யார் பாடுவது?

ஒழுகினசேரிக்காரன்:
டீச்சர் கேள்விக்கு வருகிறேன். அன்றைக்கு மேடையும் கேமராவும் சேரிக்குக் கிடைக்கவில்லை என்பது நிஜம். அந்தக் குறையைக் கலைவாணர் தலையில் மட்டும் கட்ட முடியாது. கிடைத்த மேடையில் மற்றவர்களை ஏற்றினாரா என்று பார்க்கிறேன். சத்திரம் புதுக்குளத்துச் சுப்பு ஆறுமுகத்தைச் சென்னைக்குக் கூட்டிப்போய் எழுதவைத்தவர் கலைவாணர். 2022-ல் சுப்பு ஆறுமுகம் மறையும்வரை வில்லுப்பாட்டு டிவியிலும் வெளிநாட்டிலும் கேட்டதென்றால் அதன் தொடக்கம் அந்த அழைப்புதான். எழுதியவர் யார் என்று ஆரம்பத்தில் கேட்டீர்களே. எழுதுகிறவர்களைத் தேடிப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்ததும் அவர் நேர்மையில் சேர்த்தி.

பனங்காடு:
எழுதியவர் பெயரை மேடையில் சொல்லிப் பாடினால்தான் அது முழு நேர்மை. இன்று யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், எல்லாம் கலைவாணர் பாட்டு என்பார்கள். உடுமலையார் 1981 வரை இருந்தார். நம் மாவட்டத்தில் எத்தனை பேருக்கு அவர் முகம் தெரியும்?

குடக்காரர் மகள்:
அதில் உங்கள் பக்கம்தான் நான். வில்லில் காப்பு முடிந்ததும் குருவணக்கம் உண்டு, ஆசான் பெயரைச் சொல்லாமல் கதைக்குள் போகக் கூடாது. சினிமா அந்த வழக்கத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

என் அண்ணன் இப்போது குழு வைத்திருக்கிறான். பங்குனிக் கொடையில் நடுச்சாமத்துக்கு மேல் கிந்தனாரை எடுக்கச் சொல்லியிருக்கிறேன், உடுமலையார் பெயரைச் சொல்லி. பனங்காடு அண்ணன், பனையேறியைப் பற்றி ஏதாவது வைத்திருக்கிறீர்களா?

பனங்காடு:
அப்பா பனையில் இருந்துகொண்டே கீழே நிற்கிற அம்மாவிடம் பாடுவது மாதிரி கொஞ்சம் எழுதி வைத்திருக்கிறேன். சண்டைதான் முழுக்க. போலீஸும் வரும்.

குடக்காரர் மகள்:
அனுப்புங்கள். அண்ணன் மெட்டுப் போடுவான். குருவணக்கத்தில் உங்கள் அப்பா பெயரைச் சேர்க்க வேண்டும், அதையும் எழுதி அனுப்புங்கள்.

பனங்காடு:
இன்று ராத்திரி அனுப்புகிறேன். ‘சுண்ணாம்பு’ வரும் வரியை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.