திறப்புக்கு முன் உள்காற்றுப் பரிசோதனை: எந்தக் கட்டத்தில் செய்வது?

கேள்வி (நூலகப்பணி):
கடலோர ஊர் ஒன்றில் 60,000 சதுர அடியில் கட்டப்படும் அரசு நூலகத்தின் ஏசி, காற்றோட்டப் பணிகளை மேற்பார்வையிடுகிறேன். திறப்பு விழாவுக்கு ஐந்து வாரங்கள் உள்ளன. உள்காற்றைச் சோதித்துச் சான்று பெற வேண்டும் என்ற ஒற்றை வரிதான் ஒப்பந்தத்தில் இருக்கிறது. பெயின்ட் வேலை முடிந்துவிட்டதால் இந்த வாரமே சோதிக்கலாம் என்கிறார் ஒப்பந்ததாரர். ஆனால் பிளைவுட் அலமாரிகளும் மேசைகளும் மூன்றாம் வார இறுதியில்தான் வருகின்றன. இப்போது சோதிப்பது சரியா?

பதில் (குளிர்காற்று):
சரியன்று. இப்போது கிடைப்பது வெறும் கூடத்துக்கான சான்று; வாசகர்கள் சுவாசிக்கப்போவது அலமாரிகள் வந்த பிறகு இருக்கும் காற்றை. பசுமைக் கட்டடங்களுக்குச் சான்று தரும் லீட் (LEED) முறையின் நான்காம் பதிப்பும் அறைகலன்கள் அமைந்தபின், ஏசி வழக்கம்போல் ஓடும்போது, தரையிலிருந்து 3 முதல் 6 அடி உயரத்தில் மாதிரி எடுக்கச் சொல்கிறது. சோதனைக்குப் பதிலாக, ஒரு சதுர அடிக்கு 14,000 கன அடி வெளிக்காற்றைச் செலுத்திக் கட்டடத்தை அலசவும் அது இடம் தருகிறது. உங்களுக்கு மிஞ்சும் இரண்டு வாரத்தில் அதை முடிக்க, இரவு பகலாக நிமிடத்துக்குச் சுமார் 41,700 கன அடி தேவைப்படும். மக்கள் நுழைவதற்கு முன் சதுர அடிக்கு 3,500 கன அடியை முடித்துவிட்டு, எஞ்சியதைப் பயன்பாட்டின்போது தொடரலாம். நிமிடத்துக்கு 15,000 கன அடி ஓட்டத்தில் அந்த முதல் பகுதிக்குப் பத்து நாள் போதும். ஆனால் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதால், உங்கள் ஊரில் ஜன்னல்களைத் திறந்துவைப்பது அலசுவதாகாது.

பதில் (மாதிரிக்குப்பி):
ஆய்வகத்தில் பணிபுரிபவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். பிளைவுட் பசையிலிருந்து வெளிவரும் ஃபார்மால்டிஹைடு வாயுவைக் கைக்கருவியால் மட்டும் அளந்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். அவற்றில் பல, ஆல்கஹால் ஆவியையும் சேர்த்தே காட்டிவிடும். ஒரு கட்டடத்தில் நாங்கள் காற்று மாதிரி எடுக்கும் பம்பை வைத்த காலையில்தான் துப்புரவுப் பணியாளர்கள் மணக்க மணக்கத் தரையைத் துடைத்திருந்தார்கள். அந்தத் திரவத்தின் ஆவி கலந்ததால் அன்றைய மாதிரிகள் அத்தனையும் வீண். லீட் நான்காம் பதிப்பில் ஃபார்மால்டிஹைடு வரம்பு 27 பிபிபி (நூறு கோடிப் பங்கு காற்றில் 27 பங்கு), அதாவது கன மீட்டருக்குச் சுமார் 33 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் அரை மணிநேரச் சராசரிக்குச் சொல்வது 100 மைக்ரோகிராம். எந்த வரம்பு என்பதை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையேல் முடிவு வந்தபின் அவரவருக்கு வசதியான எண்ணைப் பிடித்துக்கொள்வார்கள்.

பதில் (பழையமேஸ்திரி):
அலசுவதை அளவுக்கு மீறி நம்புவதாக எனக்குப் படுகிறது. பெயின்ட் கரைப்பான்கள் சில வாரங்களில் பெருமளவு போய்விடும். யூரியா-ஃபார்மால்டிஹைடு பசையால் ஒட்டிய பிளைவுட்டோ, மாதக்கணக்கில் வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். வெப்பமும் ஈரமும் ஏறினால் இன்னும் கூடும். ஆகவே அலமாரி எந்தத் தரப் பலகையில் செய்யப்படுகிறது, வெட்டிய ஓரங்கள் மூடப்பட்டுள்ளனவா என்று பட்டறையிலேயே போய்ப் பாருங்கள்.

நூலகப்பணி:
நன்றி. இந்த வாரச் சோதனையை நிறுத்திவைத்துவிட்டேன். நாளை பட்டறைக்குச் செல்கிறேன். மேல்மாடி அலமாரிகளையாவது ஒரு வாரம் முன்னதாக அனுப்ப முடியுமா என்றும் கேட்கப்போகிறேன்.