காயமும் சாவும்: ஆபத்து கிராமத்திலா, நகரத்திலா?

வரப்போரம்:
கிராம சபைக் கூட்டத்துக்கு ஒரு துண்டறிக்கை போட வேண்டும். "விபத்தெல்லாம் டவுன்லதான், நமக்கென்ன" என்ற பேச்சு இங்கே பலமாக இருக்கிறது. எந்தக் கணக்கை எடுத்துச் சொல்லலாம்? கிராமத்துக்கென்று எதைச் சொல்ல வேண்டும்? ஒரே பக்கம்தான் இடம்.

புள்ளிக்கணக்கு:
சாலை விபத்தில் 2022-ல் நாடு முழுக்க 1,68,491 பேர் இறந்ததாக மத்திய அமைச்சக அறிக்கை. அதில் ஏறக்குறைய 68 விழுக்காடு ஊரகப் பகுதியில். ஆனால் இது விபத்து நடந்த இடம். அடிபட்டவரின் ஊர் அல்ல. நாற்கரச் சாலையில் கவிழ்ந்த சென்னைக்காரரும் இதில் சேர்வார். இறப்புப் பதிவோ நேர் எதிர். உயிர் போன இடத்தில்தான் பதிவார்கள். உசிலம்பட்டிப் பக்கம் அடிபட்டவர் மதுரை பெரியாஸ்பத்திரியில் இறந்தால் அது மதுரைக் கணக்கு. இரண்டையும் ஒரே அட்டவணையில் கலக்காதீர்கள். இந்தத் தப்பு செய்தித்தாளிலேயே நடக்கிறது.

இரவுப்பணி:
கிராமத்துக்கென்றால் பாம்புக்கடிதான் முதலில். 2005-க்கான மதிப்பீட்டில் இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 46,000 சாவு. அதில் 97 விழுக்காடு கிராமங்களில்.

கட்டுவிரியனைத் தனியாக எழுதுங்கள். ராத்திரி தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வீக்கமோ வலியோ பெரிதாக இருக்காது. பல் பட்ட தடமே தெரியாமல் போகும். விடியற்காலை வயிற்றுவலி, வாந்தி, பிறகு இமை சரியும். "அஜீரணம்" என்று சோடா வாங்கிக் கொடுத்துப் பொழுது போக்குவது இங்கேதான். இமை சரிந்தால் அடுத்தது மூச்சு. கட்டில், நாலு பக்கமும் செருகிய கொசுவலை இரண்டும் இருந்தாலே ஆபத்து நன்றாகக் குறையும்.

இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது வேண்டாம். எலும்பு முறிவுக்குக் கட்டுவதுபோல மட்டை வைத்து அசையாமல் 108-ல் ஏற்றுங்கள். ஏற்கெனவே கயிறு கட்டிவிட்டார்கள் என்றால் வழியில் அவிழ்க்காதீர்கள். விஷம் மொத்தமாக உள்ளே பாயும். விஷமுறிவு மருந்து தயாராக இருக்கும் இடத்தில் அவிழ்க்கட்டும். அந்த மருந்தின் முதல் தவணை வழக்கமாக 10 குப்பி, குழந்தைக்கும் அதே அளவு. பாம்பு ஆள் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லையே.

கலப்பைக்கொழு:
டிராக்டரையும் சேருங்கள். எஞ்சின் விசையைக் கருவிக்குக் கடத்தப் பின்னால் சுழலும் பி.டி.ஓ. தண்டு நிமிஷத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு 9. துண்டோ முந்தானையோ சுற்றினால் கையை இழுக்க நேரமே கிடைக்காது. மேலே இருக்கும் பிளாஸ்டிக் உறை உடைந்ததும் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள், கிரீஸ் அடிக்கத் தோதாக இருக்கிறதென்று. உறை மாட்டுங்கள், அடைப்பு எடுக்குமுன் எஞ்சினை அணையுங்கள்.

சேற்றில் புதைந்த டிராக்டரை இழுக்கும்போது, இழுக்கிற டிராக்டரில் சங்கிலியை பின் அச்சுக்கு மேலே மாட்டவே கூடாது. முன் சக்கரம் தூக்கி ஓட்டுபவர் மேலேயே மல்லாக்கக் கவிழும். கீழே உள்ள இழுவைக் கம்பியில்தான் மாட்ட வேண்டும்.

வரப்போரம்:
நன்றி. எந்த ஆஸ்பத்திரி என்று எழுதலாமா?

இரவுப்பணி:
எழுதியே ஆக வேண்டும். ஆனால் முன்கூட்டியே விசாரித்துவிட்டு. விஷமுறிவு மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருக்கலாம். செயற்கைச் சுவாசக் கருவி இருக்காது. மருந்து ஏற்றிவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது வண்டியில் ஆம்பு பையும் (கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் பை) அதை அழுத்தத் தெரிந்த ஆளும் உண்டா என்று கேளுங்கள். ராத்திரி 2 மணிக்கு யார் பணியில் என்பதையும்.