வார்சாவின் பழைய நகரத்தைப் 'பழையது' என்று சொல்லலாமா?

நடைபயணி:
போன மாதம் வார்சாவில் மூன்று நாள் இருந்தேன். முதல் நாளே பழைய நகரத்துக்குப் போனேன், ஸ்டாரே மியாஸ்தோ என்கிறார்கள். சிகிஸ்மண்ட் மன்னரின் தூணிலிருந்து சந்தைச் சதுக்கம் வரை மெதுவாக நடந்தேன். மஞ்சளும் காவியும் பச்சையுமாக ஒட்டி ஒட்டி நிற்கும் வீடுகள், சதுக்கத்தின் நடுவில் கையில் வாளோடு கடற்கன்னி சிலை. ரொம்பப் பிடித்திருந்தது. அப்புறம்தான் ஒரு பலகையில் 1945இல் எடுத்த புகைப்படத்தைப் பார்த்தேன். அதே சதுக்கம், முழுக்கச் செங்கல் குவியல். நான் நின்று ரசித்த வீடுகள் எல்லாம் 1953இல் கட்டி முடித்தவை.

எனக்கு அது ஏமாற்றப்பட்டது போல இருந்தது. நெதர்லாந்தில் ராட்டர்டாம் நகரமும் 1940இல் குண்டு விழுந்து அழிந்தது. அவர்கள் அதை ஒப்புக்கொண்டு புதிய நகரம் ஒன்றைக் கட்டிக்கொண்டார்கள். வார்சாவில் மட்டும் ஏன் 17ஆம் நூற்றாண்டு வேடம்? இதை 1980இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் வேறு சேர்த்திருக்கிறது. எனக்குப் புரியவில்லை, விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சுண்ணாம்பு:
நண்பரே, ராட்டர்டாமோடு ஒப்பிட்டதில்தான் எனக்கு உடன்பாடில்லை. அங்கே விழுந்தவை போர்க்குண்டுகள். வார்சாவில் நடந்தது வேறு. 1944 ஆகஸ்ட் 1ஆம் தேதி ஜெர்மன் ஆக்கிரமிப்புக்கு எதிரான எழுச்சி தொடங்கி 63 நாள் நடந்தது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பொதுமக்கள் செத்தார்கள், சோவியத் செஞ்சேனை ஆற்றுக்கு அக்கரையில், வார்சாவின் பிராகா என்ற பகுதியில் நின்றுகொண்டிருந்தது. அக்டோபர் 2ஆம் தேதி சரணடைந்த பிறகு, மிச்சம் இருந்த மக்களையும் ஊரைவிட்டு வெளியேற்றிவிட்டு, ஆளில்லாத நகரத்தை ஜெர்மானியர்கள் தெருத் தெருவாக எரித்தும் வெடி வைத்தும் அழித்தார்கள். சண்டை முடிந்த பிறகு! நூலகம், ஆவணக் காப்பகம் எதையும் விடவில்லை. அரச அரண்மனையின் சுவர்களில் வெடிமருந்து வைக்கத் துளைகளை ஆக்கிரமிப்பின் தொடக்கத்திலேயே போட்டுவைத்திருந்தார்கள் என்றால் யோசித்துப் பாருங்கள். போலந்துக்கு இப்படி ஒரு தலைநகரம் இருந்ததே தெரியக்கூடாது என்பதுதான் திட்டம்.

அப்படி அழித்ததைத் திரும்ப அதே இடத்தில், அதே அகலத்தில், அதே கூரைச் சாய்வோடு நிறுத்தினால் அதை வேடம் என்று எப்படிச் சொல்வது? போருக்கு முன்பே வார்சா தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்கள் பழைய வீடுகளை அளந்து வரைபடங்கள் போட்டு வைத்திருந்தார்கள். எழுச்சி முடிந்ததும் அந்த வரைபடங்களைக் கடத்திக்கொண்டு போய் ப்யோத்ர்கூவ் என்ற ஊரில் ஒரு துறவி மடத்தில் ஒளித்துவைத்தார்கள். பேராசிரியர் யான் ஸாஹ்வாதோவிச்சும் அவர் கூட்டாளிகளும் 1945இல் 'தலைநகர் மறுகட்டுமான அலுவலகம்' தொடங்கியபோது கையில் இருந்த பெரிய சொத்து அந்தக் காகிதங்கள்தான். இடிபாட்டிலிருந்து கதவு நிலை, சிற்பத் துண்டு, நிலவறைச் சுவர் என்று கிடைத்ததை எல்லாம் பொறுக்கி, எது எந்த வீட்டுடையதோ அந்த வீட்டில் பதித்தார்கள். யுனெஸ்கோ மதித்தது இந்த மீட்பு வேலையைத்தான். வீட்டின் வயதைப் பற்றி அது யாரிடமும் பொய் சொல்லவில்லை.

நடைபயணி:
வெடித் துளை விஷயம் எனக்குத் தெரியாது, படித்ததும் கொஞ்ச நேரம் எதுவும் தோன்றவில்லை. ஆனால் என் கேள்வி இன்னும் நிற்கிறது. நேற்று முழுக்க இதையே தேடிப் படித்தேன். 1939இல் இருந்த வார்சாவை இவர்கள் திரும்பக் கட்டவில்லையே! நோவி ஷ்வியாத் தெருவையே பாருங்கள். போருக்கு முன்னால் நாலைந்து மாடிக் கட்டடங்கள் பல இருந்த தெரு அது. மறுபடி கட்டும்போது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுந்த மாடிகளை விட்டுவிட்டு, ஒரே சீராகக் குட்டையாக்கிவிட்டார்கள். அந்த மாடிகள் முதலாளித்துவக் காலத்து அசிங்கம் என்று அன்றைய கட்டடக்கலைஞர்கள் நினைத்தார்கள். பழைய நகரத்திலும் பின்கட்டுகளை நீக்கி முற்றம் ஆக்கினார்கள். சில இடங்களில் 1770களில் பெர்னார்டோ பெல்லோட்டோ வரைந்த ஓவியங்களைப் பார்த்து முகப்பு கட்டினார்கள். அவர் கானலெட்டோ என்ற பெயரில் வரைந்தவர், மன்னரின் ஓவியர், பார்த்ததைக் கொஞ்சம் அழகுபடுத்தியும் வரைந்திருக்கிறார். ஆக, தங்களுக்குப் பிடித்த நூற்றாண்டைத் தேர்ந்தெடுத்துக் கட்டியிருக்கிறார்கள். இதைத்தான் நான் வேடம் என்றேன்.

சுண்ணாம்பு:
தேர்ந்தெடுத்தார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பின்கட்டுகளில் யார் இருந்தார்கள் என்றும் பாருங்கள். போருக்கு முன்னால் பழைய நகரம் ஏழைகள் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்த இடம், வெளிச்சமும் காற்றும் இல்லாத அறைகள். மறுபடி கட்டும்போது உள்ளே குளியலறையோடு சின்னச் சின்னக் குடியிருப்புகளாகப் பிரித்தார்கள். வெளியே பழைய முகம், உள்ளே 1950களின் வீடு. அங்கே இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள், காட்சிக்காக மட்டும் கட்டியிருந்தால் இது தேவையே இல்லையே. 1945இல் தலைநகரத்தையே வூச் நகருக்கு மாற்றிவிடலாம், வார்சாவை இடிபாடாகவே விட்டுவிடலாம் என்ற பேச்சும் இருந்தது. மக்கள் அதற்குக் காத்திருக்கவில்லை, ஜனவரியிலேயே உறைந்த விஸ்துலா ஆற்றின் மேல் நடந்து திரும்பி வந்து, நிலவறைகளில் அடுப்பு மூட்டிக் குடியேறிவிட்டார்கள்.

ஓடர்க்கரை:
மேற்குப் போலந்தில் வ்ரோத்ஸ்வாஃப் நகரத்தில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். ஒன்று சொல்ல வேண்டும். 'முழு நாடும் தன் தலைநகரைக் கட்டுகிறது' என்பது அந்தக் காலத்து முழக்கம். அந்தச் செங்கல் எங்கிருந்து வந்தது? ஒரு பெரும்பங்கு எங்கள் ஊரிலிருந்தும் ஷ்செச்சினிலிருந்தும் ரயிலில் போனது. 1945 வரை இவை ஜெர்மன் நகரங்கள் என்பதால் கேட்க ஆளில்லை. இடிந்த வீடு மட்டும் போகவில்லை, பழுதுபார்த்தால் நின்றிருக்கக்கூடிய வீடுகளையும் செங்கலுக்காகப் பிரித்தார்கள். இங்கே நகர மையத்தில் இன்னும் வெறும் புல்தரையாகக் கிடக்கும் இடங்களைக் கடக்கும்போது எனக்கு அந்த நினைப்பு வராமல் போவதில்லை. வார்சாவின் சதுக்கம் அழகுதான், யார் மறுத்தது? ஆனால் பாராட்டும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சுண்ணாம்பு:
அது உண்மைதான், நான் சொல்லியிருக்க வேண்டும்.

மூன்றாம் மாடி:
எல்லாரும் அந்த ஒரு சதுக்கத்தையே சுற்றிச் சுற்றி வருகிறீர்கள். மேற்கே கொஞ்ச தூரம் நடந்தால் முரனூவ். நான் அங்கே மூன்றாம் மாடியில் குடியிருக்கிறேன். எங்கள் கட்டடம் ஒரு மேட்டின் மேல் நிற்கிறது, வாசலுக்குப் படியேறிப் போக வேண்டும். வந்த புதிதில் இயற்கையான மேடு என்றுதான் நினைத்திருந்தேன். அது கெட்டோவின், அதாவது ஜெர்மானியர்கள் யூதர்களை அடைத்துவைத்த பகுதியின், இடிபாடு.

போருக்கு முன்னால் வார்சாவில் 13 லட்சம் பேர், அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக யூதர்கள். உலகத்தில் நியூயார்க்குக்கு அடுத்தபடியாக யூதர்கள் அதிகம் வாழ்ந்த நகரம் இது. 1940 நவம்பரில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சுவருக்குள் அடைத்தார்கள். 1942 ஜூலை 22ஆம் தேதி ட்ரெப்ளிங்கா கொலைமுகாமுக்கு ரயில்கள் கிளம்பத் தொடங்கின, இரண்டே மாதத்தில் இரண்டரை லட்சம் பேருக்கும் மேல். 1943 ஏப்ரல் 19ஆம் தேதி மிச்சம் இருந்தவர்கள் ஆயுதம் எடுத்தார்கள், மே 16ஆம் தேதி பெரிய யூத ஆலயத்தை வெடிவைத்துத் தகர்த்ததோடு ஜெர்மானியர்கள் அதை முடித்தார்கள். பிறகு அந்தப் பகுதியையே தரைமட்டமாக்கினார்கள்.

இப்போது சுண்ணாம்பு ஐயாவிடம் என் கேள்வி. அழித்தவனின் திட்டம் பலிக்கக்கூடாது என்றுதான் பழைய நகரத்தைக் கட்டினார்கள் என்கிறீர்கள். சரி. அப்படியானால் நலெவ்கி தெருவை ஏன் கட்டவில்லை? கடையும் கூட்டமுமாக, யூத வார்சாவின் முதுகெலும்பு போல இருந்த தெரு அது. ஒரு வீடுகூட வேண்டாம் என்று முடிவுசெய்தது யார்? பெரிய ஆலயம் நின்ற இடத்தில் இன்று நீலக் கண்ணாடிக் கோபுரம் நிற்கிறது. இன்னொன்றும் மனதில் உறுத்துகிறது: நீங்கள் சொல்லும் அந்தச் சந்தைச் சதுக்கத்தை 1953இல் திறந்த தேதி ஜூலை 22. அது அன்றைய அரசின் தேசிய விழா நாள், அதனால் அந்தத் தேதி. ஆனால் பதினொரு வருடத்துக்கு முன் அதே நாளில்தான் அந்த ரயில்கள் கிளம்பின.

சுண்ணாம்பு:
இதற்கு உடனே பதில் எழுத முடியவில்லை, அதனால்தான் இரண்டு நாள் ஆயிற்று.

முரனூவை வடிவமைத்த போக்தான் லாகெர்ட் அந்த இடத்தின் கதையை மறைக்க நினைக்கவில்லை என்றுதான் படித்திருக்கிறேன். இடிபாட்டை அகற்றாமல் அதன் மேலேயே மேடைகள் அமைத்து, இடிபாட்டை அரைத்துச் செய்த கற்களாலேயே வீடு கட்டி, பூச்சு பூசாமல் அந்தச் செந்நிறத்தை அப்படியே விடுவது அவர் திட்டம். பார்ப்பவனுக்கு அது கல்லறை மேல் எழுந்த வீடு என்று தெரிய வேண்டும் என்று நினைத்தார். பார்க்க மங்கலாக இருக்கிறது என்று குறை வந்ததும் பூச்சு பூசிவிட்டார்கள். அதோடு அந்த எண்ணமும் மறைந்துபோனது. நலெவ்கியைக் கட்டாததற்கு, திரும்பி வர ஆள் இல்லை என்பது ஒரு காரணம். 19ஆம் நூற்றாண்டு வாடகைக் கட்டடங்களை அன்று யாரும் பாரம்பரியமாக எண்ணவில்லை என்பது இன்னொன்று. ஆனால் இந்த இரண்டு காரணங்களும் உங்கள் கேள்விக்குப் போதாது என்று எனக்கே தெரிகிறது.

நடைபயணி:
ஐயா, அப்படியானால் இப்போது நடக்கும் சாக்ஸன் அரண்மனை விஷயத்தில் உங்கள் நிலை என்ன? 1944 டிசம்பரில் தகர்த்த அரண்மனை. நடுவில் இருந்த மூன்று வளைவுகள் மட்டும் மிஞ்சி, பெயர் தெரியாத போர்வீரனின் கல்லறைக்கு மேல் நிற்கின்றன. அதை முழுசாகத் திரும்பக் கட்ட 2021இல் சட்டம் போட்டிருக்கிறார்கள். நான் அங்கே நின்றபோது, அந்த வெட்டுப்பட்ட வளைவுகளும் பின்னால் தெரிந்த பூங்காவும்தான் இந்த நகரத்தில் எனக்கு மறக்க முடியாத காட்சியாகப் பட்டது.

சுண்ணாம்பு:
அதை நான் எதிர்க்கிறேன். 1945இல் கட்டியவர்களுக்கு அந்தத் தெருக்களில் நடந்த ஞாபகம் இருந்தது, தலைக்கு மேல் கூரை வேண்டும் என்ற அவசரமும் இருந்தது. 1971இல் அரச அரண்மனையைக் கட்ட முடிவெடுத்தபோதுகூட, 1939இல் குண்டுகளுக்கு நடுவே அருங்காட்சியக ஊழியர்கள் காப்பாற்றிய ஓவியங்களும் சிற்பத் துண்டுகளும் இருந்தன, மக்கள் காசு கொடுத்தார்கள், 1984இல் திறந்தார்கள். சாக்ஸன் அரண்மனையில் அப்படி என்ன மிச்சம் இருக்கிறது? உள்ளே அலுவலகங்கள் வரப்போகின்றன. அந்த மூன்று வளைவுகளும் ஒரு நீண்ட கட்டடத்தின் நடுப்பகுதியாகிவிடும், இடிபாடு என்று தெரியாது.

ஓடர்க்கரை:
இதில் நான் உங்களுக்கு எதிர்ப்பக்கம். அந்த அரண்மனைக்குள்தான் 1932 டிசம்பரில் போலந்துக் கணித அறிஞர்கள் எனிக்மா என்ற ஜெர்மன் ராணுவ ரகசியக் குறியீட்டை உடைத்தார்கள். முக்கியமான சதுக்கத்தின் ஒரு பக்கம் முழுக்கத் திறந்து கிடப்பது இந்த நாட்டுக்காரர்கள் பலருக்கு ஆறாத புண். அவர்கள் தாத்தாக்களுக்கு இருந்த உரிமை பேரன்களுக்கு இல்லையா? எழுபது எண்பது வருடம் கழிந்துவிட்டது என்பதற்காக அழித்தவன் செய்ததை நிரந்தரம் என்று ஏற்றுக்கொள்ள வேண்டுமா? அந்தக் காசை இந்தமுறை எங்கள் ஊர்ச் செங்கலாக எடுக்காமல் இருந்தால் எனக்குச் சம்மதம்.

மூன்றாம் மாடி:
அந்தக் காசில் ஒரு சின்னப் பங்கு போதும், எங்கள் தெருக்களில் எந்த எண்ணில் எந்த வீடு இருந்தது என்று எழுதிவைக்க. அதைக் கேட்டால் யாரும் சட்டம் போடுவதில்லை.

நடைபயணி:
அக்கா, உங்கள் பதிலைப் படித்த பிறகு என் முதல் பதிவை மாற்றலாமா என்று யோசித்தேன். மாற்றவில்லை, அது அப்படியே இருக்கட்டும். 'வேடம்' என்ற சொல்லை மட்டும் திரும்பப் பெறுகிறேன். ஏப்ரலில் வேலையாக மறுபடி வார்சா வருகிறேன். முரனூவில் எங்கே தொடங்குவது?

மூன்றாம் மாடி:
முடிந்தால் 19ஆம் தேதி வாருங்கள். அன்று ஊரில் நிறையப் பேர் சட்டையில் காகிதத்தில் செய்த மஞ்சள் பூவைக் குத்தியிருப்பார்கள். கெட்டோ எழுச்சியின் தளபதிகளில் ஒருவரான மாரெக் எடெல்மான் வருடாவருடம் அந்த நாளில் நினைவுச்சின்னத்தில் மஞ்சள் பூக்களை வைப்பார், 2009இல் இறந்துவிட்டார், அவர் நினைவாக வந்த வழக்கம். நடக்கும்போது கீழே பார்த்து நடங்கள், சுவர் இருந்த இடத்தில் நடைபாதையில் இரும்புப் பட்டை பதித்து ஆண்டுகளை எழுதியிருப்பார்கள். பழைய ஆயுதக் கிடங்குக்குப் பக்கத்தில் நலெவ்கியின் ஒரு துண்டு இன்னும் இருக்கிறது. இருபக்கமும் வீடு கிடையாது. பழைய கல் பாவிய தரையும், எங்கேயும் போகாத டிராம் தண்டவாளமும் மட்டும். நான் அங்கிருந்துதான் தொடங்குவேன்.