யாழ்ப்பாணத்துக்கு ஏன் ஆறு இல்லை? (மகள் கேட்டது)

வடலிக்கரை:
மகள் பத்தாம் ஆண்டு. நேற்று இலங்கைப் படத்தில ஆறுகளை நீலப் பென்சிலால் கீறிக்கொண்டிருந்தவ, பாதியில நிப்பாட்டிப்போட்டு, "அம்மா, எல்லா ஆறும் நடுவில தொடங்கி வண்டிச் சில்லுக் கம்பி மாதிரி நாலாபக்கமும் ஓடுது. எங்களுக்கு மட்டும் ஏன் ஒண்டுமில்லை?" எண்டு கேட்டா. எங்கட இடம் தட்டை நிலம், அதுதான் எண்டன். "மன்னாரும் தட்டைதானே, அங்க அருவியாறு வருதே" எண்டா. அதுக்கு மேல என்னட்டப் பதில் இல்லை. தெரிஞ்ச ஆக்கள் விளக்கமாச் சொல்லுங்கோ. பாடப்புத்தக வசனம் வேண்டாம், அது அவவிட்டயே இருக்கு.

கிணற்றடி:
எங்கட காணி புத்தூர்ப் பக்கம். மண்வெட்டியால் கொத்தினால் செம்பாட்டு மண், அதுக்குக் கீழ சுண்ணாம்புக்கல். மார்கழியில எவ்வளவு கொட்டினாலும் தண்ணி மேல ஓடாது, கல்லிலுள்ள வெடிப்புகளுக்குள்ள இறங்கிப்போடும். மழைத்தண்ணி சுண்ணாம்புக்கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக் கரைச்சு உள்ளுக்குள்ள பொந்து போட்டு வைச்சிருக்கு. நிலாவரைக் கிணறு அப்பிடி ஒரு பொந்தின்ர கூரை இடிஞ்சு விழுந்ததால வந்தது. அதில மேல் தண்ணி நல்ல தண்ணி, ஆழத்தில உப்பு. குடாநாடு முழுக்க நிலைமை அதுதான். நல்ல தண்ணி பாரம் குறைஞ்சபடியால் கடல் தண்ணிக்கு மேல மிதக்குது. அளவுக்கு மிஞ்சி இறைச்சால் கீழயிருந்து உப்பு ஏறும்.

மலைப்பாதை:
தங்கச்சி, நான் படிச்சது குறைவு. 2010இலிருந்து பன்னிரண்டு வருசம் லொறி ஓட்டினனான். இங்கயிருந்து வெங்காயம் ஏத்திக்கொண்டு போய், நுவரெலியாவிலயிருந்து கரட், லீக்ஸ், கோவா கொண்டுவருவன். இந்த நாட்டின்ர மேடு பள்ளம் எனக்குக் கியரிலதான் தெரியும். பிள்ளைக்கு அப்பிடியே சொல்லிப் பாருங்கோ.

ஆனையிறவிலயிருந்து கிளிநொச்சி, வவுனியா, மிகிந்தலை, தம்புள்ளை வரைக்கும் பெரிய கியரை மாத்த வேலையில்லை. சமநிலம். இடைக்கிடை ஒத்தைக் கல்மலைகள் மட்டும் திடீரெண்டு எழும்பி நிக்கும். மிகிந்தலை, தம்புள்ளை, றோட்டிலயிருந்து கொஞ்சம் உள்ளுக்குச் சிகிரியா. சுத்திவரக் கிடந்த கல் கோடிக்கணக்கான வருசமாத் தேய்ஞ்சு போக, வைரமான கல் மட்டும் மிஞ்சினதுதான் அவை. நாடு மூன்று படியா உயருது, இது முதல் படி.

நாலந்தா தாண்டத்தான் லொறி மூச்சு வாங்கத் தொடங்கும். மாத்தளை, பிறகு பலகடுவ ஏற்றம், பிறகு கண்டி. கண்டி கிட்டத்தட்ட 500 மீற்றர் உயரம். அங்க போனால் றோட்டு திரும்பவும் ஆறுதலாகும், கம்பளை வரைக்கும் மகாவலி ஆறு பக்கத்திலயே வரும். அது இரண்டாம் படி. பிறகு புசல்லாவை, றம்பொடை. அந்த வளைவுகளில முதலாம் கியரைத் தவிர வேற ஒண்டும் கைகொடுக்காது. முதல் தரம் ஏறேக்க பயத்தில என்ர சேட்டு நனைஞ்சுபோச்சு. ஏறி முடிய, 1,868 மீற்றரில, நம்பவேமாட்டீங்கள், குளமும் தட்டை நிலமுமா நுவரெலியா விரிஞ்சு கிடக்கும். மூன்றாம் படி. அதுக்குப் பக்கத்தில பிதுருதலாகலை, 2,524 மீற்றர், நாட்டிலேயே உயரம். ஹோட்டன் சமவெளியும் இந்தப் படிதான். அதின்ர தெற்கு விளிம்புதான் 'உலக முடிவு' எண்டு பேர் போன இடம். அங்க நிலம் 800 மீற்றருக்கு மேல ஒரேயடியா விழுகுது. படி எண்டு நான் சொல்லுறது என்னெண்டு அந்த விளிம்பில நிண்டால் விளங்கும்.

படிவிளிம்பில தண்ணி குதிக்குது, அதாலதான் மலைநாடு முழுக்க நீர்வீழ்ச்சி. உயரம் நடுவில இருக்கிறபடியால்தான் ஆறுகள் எல்லாப் பக்கமும் பிரியுது. மகாவலி ஒண்டுதான் சுத்தி வளைச்சுப் போற ஆறு. மேற்குப் பக்கம் பிறந்து, கண்டிக்கு வந்து, கிழக்கால திரும்பி, நக்கிள்ஸ் மலைக்கும் நடு மலைக்கும் இடையில வழி கண்டுபிடிச்சு, மினிப்பேயில கீழ்ப்படிக்கு இறங்கி, வடக்கால போய்க் கொட்டியாரக் குடாவில கடலைச் சேருது. 335 கிலோமீற்றர்! லொறியை நிப்பாட்டி அந்தத் தண்ணியில முகம் கழுவின ஒவ்வொரு தரமும், இது திருகோணமலைக்குப் போய்ச்சேரும் எண்டு நினைச்சுக்கொள்ளுவன்.

இனி பிள்ளையின்ர கேள்வி. ஆறு வர இரண்டு காரியம் வேணும்: பின்னால உயர்ந்த நிலம், கீழ தண்ணியைக் குடிக்காத கல். நாட்டில பத்தில ஒன்பது பங்கு மிகப் பழைய வைரக்கல், தண்ணி மேலாலதான் ஓடவேணும். மன்னார்க் கரையும் சுண்ணாம்புக்கல்தான். ஆனால் அருவியாறு தம்புள்ளைப் பக்கத்து வைரக்கல்லில பிறந்து, 164 கிலோமீற்றர் வந்த தண்ணியோடதான் அதுக்குள்ள நுழையுது. எங்களுக்கு அப்பிடி வெளித்தண்ணி வர வழியில்லை. கனகராயன் ஆறு இரணைமடுக் குளம் தாண்டி வந்தும், கடலேரியோட முடிஞ்சுபோகுது. இங்கால நிலம் ஒரு முதிர்ந்த பனையின்ர உயரத்துக்கும் எழும்பின இடமில்லை.

வாவிக்கரை:
மட்டக்களப்பிலிருந்து ஒரு சொல்லு. அந்த மலை தண்ணியை மட்டுமில்ல, மழையையும் பிரிக்குது. வைகாசிக்குப் பிறகு தென்மேல் காத்து மேற்குச் சரிவில கொட்டித் தீர்த்திடும். மலை தாண்டி எங்களுக்கு வாறது காய்ஞ்ச சூட்டுக் காத்துத்தான். கச்சான் எண்டு சொல்லுவம். எங்களுக்கு மழை மாரியிலதான்.

வடலிக்கரை:
மலைப்பாதை அண்ணை, மகள் இரண்டு தரம் வாசிச்சிட்டா. இப்ப படத்தில மூன்று படியையும் மூன்று நிறத்தில தீட்டுறா. குடாநாட்டை வெறுமையா விடவோ எண்டு கேக்கிறா.

கிணற்றடி:
விடவேண்டாம். வழுக்கையாறு இருக்கு. தெல்லிப்பழைப் பக்கமிருந்து கந்தரோடையால வந்து அராலிப் பக்கம் கடலேரியில விழும். மாரியில மட்டும்தான் ஓட்டம், அதால புள்ளிக்கோடாக் கீறச் சொல்லுங்கோ. வாற மார்கழியில கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கோ.