தச்சன் தேனீயா, அந்துப்பூச்சியா: நான் பார்த்தவை

தடித்த பூச்சி ஒன்று ரீங்காரத்தோடு பூச்செடிக்கு வந்தாலே "கருவண்டு" என்று சொல்லிப் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். அதில் பாதி தச்சன் தேனீ, மீதியில் சில தேனீயே கிடையாது. பகலில் பறக்கும் கண்ணாடிச் சிறகு அந்துப்பூச்சி. ஒரே செடியில் இரண்டையும் பார்த்திருக்கிறேன். நிறத்தைப் பார்ப்பதைவிட, பூவில் உட்காருகிறதா என்று பாருங்கள்.

பெரிய தச்சன் தேனீ, சைலோகோப்பா லாட்டிபெஸ், வந்ததும் பூவின் மேலேயே ஏறிவிடும். பாரம் தாங்காமல் காம்பு வளையும். பூவின் குழல் நீளமாக இருந்து நாக்கு எட்டாவிட்டால், அடிப்பகுதியைப் பக்கவாட்டில் கீறித் தேனைக் குடித்துவிட்டுப் போகும். மகரந்தச் சேர்க்கை எதுவும் நடக்காது, சுத்தத் திருட்டு! வெயில் பட்டால் கரிய சிறகில் நீலமும் ஊதாவும் மின்னும்.

அந்துப்பூச்சி (செஃபோனோடஸ் ஹைலாஸ்) அந்தரத்தில் நின்றபடியே நீண்ட உறிஞ்சுகுழலை நீட்டிக் குடிக்கும். ஒரு பூவில் ஓரிரு நொடிதான், உடனே அடுத்தது. பச்சை உடல், வயிற்றில் செந்நிறப் பட்டை, வாலில் கறுப்புக் குஞ்சம். சிறகு நரம்புகளைத் தவிர மற்றதெல்லாம் ஊடுருவித் தெரியும்.

அந்தச் சிறகு பிறவியிலேயே அப்படி இல்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். கார்டீனியா இலையில் இருந்த, வாலில் கொம்பு வைத்த புழு ஒன்றை மண் போட்ட பெட்டியில் வளர்த்தேன். கூட்டிலிருந்து வெளியே வந்தபோது சிறகெல்லாம் சாம்பல் நிறச் செதில்கள். சிறகடிக்கத் தொடங்கியதும் அவை பொடியாக உதிர்ந்துவிட்டன. காபிச் செடியிலும் இந்தப் புழு இருக்கும். கொம்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், கொட்டாது.

மறுமொழி: எங்கள் பழைய மரப்பந்தல் பக்கம் ஒன்று பூவே இல்லாத இடத்தில் அந்தரத்தில் நிற்கிறது. ஆள் போனால் முகத்துக்கு நேரே வருகிறது. அந்துப்பூச்சியா?

பதில்: பூவே இல்லாமல் காவல் காக்கிறது என்றால் பெரும்பாலும் ஆண் தச்சன் தேனீதான். அதற்குக் கொடுக்கு கிடையாது, மிரட்டல் மட்டும்தான். பெண்ணுக்கு உண்டு, ஆனால் கையில் பிடித்தால் ஒழிய அநேகமாகக் கொட்டாது. பந்தல் மரத்தில் விரல் நுழையும் அளவுக்கு வட்டத் துளையும் கீழே மரத்தூளும் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கூடு அங்கேதான்.